பிளகின்களை அடுக்கி வைப்பது எப்படி? புதிதாக இசையமைக்கத் தொடங்கியவர்களுக்கு

குரல் டிராக்கில் ஒரு கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் பிளகின்) போட வேண்டும். இன்ஸர்ட் கட்டத்தைக் கிளிக் செய்ததும் மெனு விரிகிறது. வரிசையாக நிறுவனப் பெயர்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னொரு மெனு, அதற்குள் ஏகப்பட்ட பெயர்கள். தேடிக்கொண்டே போகும்போது போன வாரம் இறக்கிவைத்த, ஒலிக்கு அறையின் முழக்கத்தைச் சேர்க்கும் ஒரு ரிவெர்ப் கண்ணில் படுகிறது. இது எப்படி இருக்கும் என்று அதைப் போட்டுக் கேட்கிறீர்கள். பத்து நிமிடம் போய்விடுகிறது. குரலில் எதைச் சரிசெய்ய வந்தோம் என்பது மறந்துவிடுகிறது. காதும் அந்தக் குறைக்குப் பழகிவிடுகிறது. மிக்ஸ் செய்யும்போது முதல் தடவை கேட்டதும் மனதில் படுவதுதான் பெரும்பாலும் சரியாக இருக்கும். அது ஆறிப்போவதற்குள் கை வேலையை முடித்துவிட வேண்டும். பிளகின்களை ஒழுங்காக வைத்துக்கொள்வது இதற்காகத்தான், மெனு அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அல்ல.

கணினியில் இசையமைக்கத் தொடங்கி ஓரிரு வருடம் ஆனவர்கள், இலவசமாகக் கிடைத்ததையெல்லாம் இறக்கிவைத்து இப்போது திணறுகிறவர்கள், அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். சொல்ல வருவது இதுதான்: பிளகின் கோப்புகளை இடம் மாற்றாதீர்கள்; மென்பொருளின் மெனுவுக்குள், அவை செய்யும் வேலையை வைத்துப் பிரியுங்கள். ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ள, பிளகின் கணினிக்குள் எப்படி உட்காருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

ஒரே பிளகின் ஏன் இரண்டு மூன்று இடத்தில் தெரிகிறது

பிளகின் தனியாக ஓடாது. எஃப்எல் ஸ்டுடியோ, கியூபேஸ், லாஜிக், ரீப்பர், ஏபிள்டன் லைவ் போன்ற ஏதாவது ஒரு இசை மென்பொருளுக்குள் செருகிக்கொண்டுதான் வேலை செய்யும். ஒலியை மாற்றுகிறவை எஃபெக்ட். ஒலியை உண்டாக்குகிறவை இன்ஸ்ட்ருமென்ட். இரண்டுமே பிளகின்தான்.

செருகுவதற்கு ஒரு பொதுவான முறை வேண்டுமே. 1996-இல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் தன் கியூபேஸோடு விஎஸ்டி என்ற முறையைக் கொண்டுவந்தது. யார் எழுதிய எஃபெக்டாக இருந்தாலும் அந்த முறையைப் பின்பற்றினால் உள்ளே செருகலாம். 1999-இல் வந்த இரண்டாம் பதிப்பில் இன்ஸ்ட்ருமென்ட்களுக்கும் இடம் கிடைத்தது. 2008-இல் விஎஸ்டி3 வந்தது. ஆப்பிள் தன் மேக் கணினிகளுக்கு ஆடியோ யூனிட்ஸ் என்று தனியாக ஒன்றை வைத்துக்கொண்டது. லாஜிக்கும் கராஜ்பேண்டும் அதை மட்டும்தான் ஏற்கும். புரோ டூல்ஸ் வைத்திருக்கும் ஆவிட் நிறுவனத்துக்கு ஏஏஎக்ஸ். 2022-இல் பெர்லினைச் சேர்ந்த பிட்விக், யூ-ஹி என்ற இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து கிளாப் என்று ஒரு திறந்த முறையை வெளியிட்டன.

இதனால் என்ன ஆகிறது? ஒரு பிளகினை இன்ஸ்டால் செய்யும்போது இந்த எல்லா வடிவங்களும் ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருக்கும். நாமும் அடுத்து, அடுத்து என்று அழுத்திக்கொண்டே போவோம். ஒரே ஈக்யூ (ஒலியின் அடி, நடு, உச்சப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் எஃபெக்ட்) விஎஸ்டி2 ஆக ஒரு தடவை, விஎஸ்டி3 ஆக ஒரு தடவை, கிளாப் ஆக ஒரு தடவை மெனுவில் ஏறிவிடும். பழைய விண்டோஸ் கணினிகளில் இதோடு 32 பிட், 64 பிட் என்று வேறு இரட்டிக்கும்.

அதனால் முதல் வேலை, ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிற்பது. விண்டோஸில் இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவருக்கு விஎஸ்டி3 போதும். லாஜிக் மட்டும் வைத்திருப்பவர் ஆடியோ யூனிட்டை மட்டும் டிக் செய்யலாம். மேக்கில் லாஜிக்கும் கியூபேஸும் இரண்டும் உண்டென்றால் இரண்டு வடிவங்கள் தேவைப்படும். அதில் தவறில்லை, ஏனென்றால் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு உரியதை மட்டும்தான் காட்டும். இன்ஸ்டாலர் கேள்வி கேட்கும் அந்தப் பக்கத்தில் அரை நிமிடம் நின்று தேவையில்லாத டிக்குகளை எடுத்துவிட்டாலே மெனு பாதியாகக் குறைந்துவிடும்.

விஎஸ்டி2-ஐ என்ன செய்வது? ஸ்டைன்பெர்க் 2018-லேயே அதற்கான நிரல் தொகுப்பை புதியவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. தன் சொந்த மென்பொருள்களிலிருந்தும் அதைப் படிப்படியாக விலக்கப்போவதாக 2022-இல் அறிவித்தது. ஆனால் உங்களுடைய பழைய பாட்டில் ஒரு பிளகின் விஎஸ்டி2 ஆகப் போடப்பட்டிருந்தால், விஎஸ்டி3 இருக்கிறதே என்று பழையதை நீக்கிவிடாதீர்கள். புராஜெக்ட் கோப்பு பெரும்பாலும் பிளகினைப் பெயரால் தேடுவதில்லை; அதற்குள் எழுதப்பட்ட அடையாள எண்ணால்தான் தேடுகிறது. விஎஸ்டி2-வின் எண் வேறு, விஎஸ்டி3-இன் எண் வேறு. இரண்டையும் இணைக்கும் வசதியை அந்தப் பிளகினை எழுதியவரும் மென்பொருளைச் செய்தவரும் சேர்ந்து கொடுத்திருந்தால்தான் தானாக மாறும். எல்லாவற்றிலும் அப்படி இருப்பதில்லை.

கோப்பு இருக்கும் இடத்தில் இருக்கட்டும்

ஒழுங்குபடுத்த வேண்டும் என்று முடிவெடுத்ததும் பலரும் முதலில் செய்வது, ஹார்ட் டிஸ்கில் பிளகின்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, உள்ளே 'ஈக்யூ', 'ரிவெர்ப்' என்று ஃபோல்டர்கள் போட்டு, கோப்புகளை அங்கும் இங்கும் நகர்த்துவது. சில மென்பொருள்களில் இது வேலையும் செய்யும். ஆனால் நீடிக்காது.

விண்டோஸில் விஎஸ்டி3 என்றால் அதற்கென்று ஓர் இடம் உண்டு: புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் விஎஸ்டி3. மேக்கில் லைப்ரரி, ஆடியோ, பிளக்-இன்ஸ் என்று போனால் ஆடியோ யூனிட்டுகள் 'கம்போனென்ட்ஸ்' என்ற ஃபோல்டரிலும், விஎஸ்டிகள் பக்கத்திலேயே தனித்தனி ஃபோல்டர்களிலும் இருக்கும். அடுத்த மாதம் அந்த ஈக்யூவுக்கு அப்டேட் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாலருக்கு நீங்கள் நகர்த்தியது தெரியாது. புதிய கோப்பைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போகும். இப்போது உங்களிடம் பழைய பதிப்பு ஒன்று, புதிய பதிப்பு ஒன்று. மென்பொருள் எதை எடுக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

வேறு சிக்கலும் இருக்கிறது. எல்லாப் பிளகினும் தனித்தனிக் கோப்பாக இருப்பதில்லை. வேவ்ஸ் நிறுவனத்தின் பிளகின்களை எடுத்துக்கொண்டால், மெனுவில் நூறு பெயர் தெரிந்தாலும் விஎஸ்டி ஃபோல்டரில் 'வேவ்ஷெல்' என்று ஓரிரண்டு கோப்புதான் இருக்கும். அந்த ஒரு கோப்புதான் மற்ற எல்லாவற்றையும் உள்ளே அழைத்துவருகிறது. அதை 'கம்ப்ரஸர்' ஃபோல்டருக்கு நகர்த்தினால் ரிவெர்ப், டிலே எல்லாம் கூடவே அங்கே போய்விடும்.

விண்டோஸில் விஎஸ்டி2 மட்டும் இதற்கு விலக்கு. அதற்கென்று நிலையான இடம் கிடையாது. ஒவ்வோர் இன்ஸ்டாலரும் தனக்குத் தோன்றிய இடத்தில் கொண்டுபோய் வைக்கும். பழைய புராஜெக்ட்களுக்காக அதை வைத்திருக்கிறீர்கள் என்றால், ஒரே ஒரு ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து, இன்ஸ்டால் செய்யும்போதே அந்த இடத்தைக் காட்டிவிடுங்கள். அப்புறம் மென்பொருளின் செட்டிங்ஸில் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

ஸ்கேன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் இந்த ஃபோல்டர்களைத் துழாவி, ஒவ்வொரு பிளகினையும் ஒரு தடவை திறந்து பார்த்து, இன்ன பெயர், இன்ன நிறுவனம், எஃபெக்டா இன்ஸ்ட்ருமென்டா என்று ஒரு பட்டியலில் எழுதிக்கொள்கிறது. நாம் பார்க்கும் மெனு அந்தப் பட்டியல்தான். திறக்கும்போது எந்தப் பிளகின் மக்கர் செய்கிறதோ அது தடைப் பட்டியலுக்குப் போய்விடும். இன்ஸ்டால் செய்தும் ஒரு பிளகின் மெனுவில் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அங்கேதான். கியூபேஸில் இதற்குத் தனிப் பக்கமே இருக்கிறது. லாஜிக் ஒவ்வோர் ஆடியோ யூனிட்டையும் சோதித்துப் பார்த்து, தேறாததை ஒதுக்கி வைத்துவிடும். புதிதாகப் பத்துப் பிளகின்களை ஒரே நேரத்தில் போடாமல் இரண்டிரண்டாகப் போட்டு ஸ்கேன் செய்தால், தகராறு எதிலிருந்து வருகிறது என்று உடனே பிடிபடும்.

மென்பொருள் தானாகப் பிரிப்பது ஏன் போதவில்லை

எல்லா மென்பொருளும் ஏதோ ஒரு வகையில் தானாகவே பிரித்துக் காட்டுகிறது. ஒன்று நிறுவனத்தை வைத்து. இன்னொன்று வகையை வைத்து. வகை என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்றால், அந்தப் பிளகினை எழுதியவர். விஎஸ்டி3 பிளகினுக்குள் 'எஃபெக்ட், ஈக்யூ' என்றோ 'எஃபெக்ட், டைனமிக்ஸ்' என்றோ ஒரு குறிப்பு எழுதப்பட்டிருக்கும். எழுதியவர் 'எஃபெக்ட்' என்பதோடு நிறுத்திவிட்டால் அது எந்த வகையிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருக்கும்.

நிறுவனத்தை வைத்துப் பிரிப்பதில் வேறு குறை. டைனமிக் ஈக்யூ ஒன்று வேண்டும் என்று தோன்றும்போது, அது டோக்கியோ டான் லேப்ஸ் செய்த நோவா என்பது முதலில் ஞாபகத்துக்கு வர வேண்டும். பத்துப் பிளகின் வைத்திருக்கும்போது இது சுலபம். நூறைத் தாண்டினால் மூளைக்கு வீண் சுமை. மிக்ஸ் செய்கிறவர் மனதில் இருப்பது 'இந்த சகாரம் குத்துகிறது, அதைக் குறைக்க வேண்டும்' என்ற ஒரு தேவை. மெனுவும் அதே மொழியில் பேச வேண்டும்.

கம்ப்ரஸரை எடுத்துக்கொண்டு பார்த்தால் இது தெளிவாகும். 1960களில் வந்த இரண்டு கருவிகளை இன்றைக்கும் எல்லோரும் நகலெடுக்கிறார்கள். ஒன்று 1176. டிரான்சிஸ்டரை வைத்து வேலை செய்வது, மிக வேகமானது. அதன் அட்டாக் நேரம் (ஒலி உயர்ந்ததும் அதைப் பிடிக்க எடுக்கும் நேரம்) 20 மைக்ரோ நொடியில் தொடங்குகிறது, அதாவது ஒரு நொடியில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. திடீரென்று உயரும் ஒலியைப் பாய்ந்து பிடிக்கும். இன்னொன்று எல்ஏ-2ஏ. உள்ளே ஒரு ஒளிரும் பொருளும் ஒளியை உணரும் பொருளும் எதிரெதிரே இருக்கும். ஒலி கூடினால் ஒளி கூடும், அதைப் பார்த்துச் சத்தம் குறையும். நிதானமாகப் பிடித்து, மெதுவாக விடும். குரலைத் தடவிக் கொடுப்பதுபோல் இருக்கும் என்பதால் மெலடிப் பாட்டுக்கு இதை விரும்புகிறவர்கள் அதிகம்.

இப்போது மெனுவைப் பாருங்கள். 1176-இன் நகல் வேவ்ஸில் சிஎல்ஏ-76. ஐகே மல்டிமீடியாவில் பிளாக் 76. ஆர்டூரியாவில் காம்ப் ஃபெட்-76. எல்ஏ-2ஏ-வின் நகல் வேவ்ஸில் சிஎல்ஏ-2ஏ. ஐகேவில் ஒயிட் 2ஏ. அனலாக் அப்செஷன் இலவசமாகக் கொடுப்பதன் பெயர் லாலா. அகர வரிசையில் இவை மெனு முழுக்கச் சிதறிக் கிடக்கும். லாலா என்ற பெயரைப் பார்த்து, அது நிதானமான குரல் கம்ப்ரஸர் என்று யாராலும் ஊகிக்க முடியாது. மென்பொருள் தானாகப் பிரித்தால் எல்லாம் 'டைனமிக்ஸ்' என்ற ஒரே மூட்டைக்குள் போகும். அதே மூட்டையில் சத்தத்தின் உச்சத்துக்கு வரம்பு கட்டும் லிமிட்டர், இடையில் வரும் சின்னச் சத்தத்தை அடைக்கும் கேட், சகாரத்தை மட்டுப்படுத்தும் டீ-எஸ்ஸர் எல்லாம் இருக்கும்.

ஆகவே 'கம்ப்ரஸர் வேகம்', 'கம்ப்ரஸர் நிதானம்', 'கம்ப்ரஸர் பஸ்' என்று மூன்று ஃபோல்டர் போடுங்கள். மூன்றாவது, பல டிராக்குகளைச் சேர்த்து ஒட்டவைக்கும் வகைக்கு. லாஜிக்கின் சொந்தக் கம்ப்ரஸரைப் போல ஒரே பிளகினுக்குள் ஃபெட் (1176 போன்றது), ஆப்டோ (எல்ஏ-2ஏ போன்றது) என்று எல்லா வகையும் இருந்தால், அதை இரண்டு ஃபோல்டரிலும் வையுங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் இது குறுக்குவழி மட்டுமே, பிளகின் இரண்டாகிவிடாது.

இதே மாதிரி ரிவெர்பை 'அறை', 'பிளேட்', 'நீளம்' என்று பிரிக்கலாம். ஈக்யூவை 'அறுவை', 'நிறம்' என்று இரண்டாகப் பிரித்தால் போதும்: வேண்டாத ஒலியைத் துல்லியமாக வெட்டி எடுப்பவை ஒரு பக்கம், பல்டெக் என்ற பழைய ஈக்யூ கருவி போல ஒலிக்கு ஒரு சாயல் கொடுப்பவை மறுபக்கம். டிலேவுக்கும் லிமிட்டருக்கும் உட்பிரிவு வேண்டியதில்லை. மீட்டர்களுக்குத் தனி ஃபோல்டர் கண்டிப்பாக வேண்டும். அவை ஒலியை மாற்றாதவை, ஆனால் அடிக்கடி தேவைப்படுபவை.

ஃபோல்டர் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டுவிட்டால் நீங்கள் வேலை செய்யும் வரிசையிலேயே மெனு நிற்கும். இரண்டு நிலைக்கு மேல் ஆழமாகப் போகாதீர்கள். மூன்றாவது மெனுவுக்குள் இருப்பதை யாரும் தேடிப் போவதில்லை.

கைக்கெட்டும் பட்டியல்

பிரித்து அடுக்குவது பாதி வேலைதான். எல்லாவற்றையும் அழகாகப் பிரித்த பிறகும், ரிவெர்ப் ஃபோல்டரில் இருபத்தைந்து இருந்தால் திண்டாட்டம் தீராது. சமையலறையில் அஞ்சறைப் பெட்டி என்று ஒன்று எதற்கு இருக்கிறது? பரணில் எத்தனை சாமான் இருந்தாலும், தாளிக்கும்போது கை போகும் கடுகும் சீரகமும் அந்தப் பெட்டியில் இருக்கும். மென்பொருளிலும் 'ஃபேவரிட்ஸ்' என்ற இடத்தை அப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு, மிஞ்சினால் மூன்று. மற்றவை உள்ளே இருக்கட்டும், அழிக்க வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? மென்பொருளோடு வருகிற சொந்தப் பிளகின்களிலிருந்து தொடங்குங்கள். ரீப்பரின் ரீஈக்யூ, எஃப்எல் ஸ்டுடியோவின் பாராமெட்ரிக் ஈக்யூ 2, லாஜிக்கின் சேனல் ஈக்யூ இவற்றைக் குறைத்து மதிப்பிடவே கூடாது. கணினியைப் பிழியாதவை, எந்த அப்டேட்டிலும் காணாமல் போகாதவை, புராஜெக்டை இன்னொருவருக்கு அனுப்பினாலும் அவரிடம் இருக்கும். அவற்றால் முடியாத வேலைக்கு மட்டும் வெளிப் பிளகினைச் சேருங்கள். இலவசத்திலேயே நோவா, வால்ஹல்லாவின் டிலே-ரிவெர்பான சூப்பர்மாசிவ், அலைவரிசையைப் பார்க்க வாக்செங்கோவின் ஸ்பேன் மூன்றும் நல்ல தொடக்கம்.

புதிதாக இறக்குகிறதை நேரே இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 'சோதனை' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் வையுங்கள். ஒரு பாட்டு முழுக்க அதை வைத்து மிக்ஸ் செய்த பிறகும் பிடித்திருந்தால் உள்ளே கொண்டுவாருங்கள். பட்டியலில் ஒன்று ஏறினால் ஒன்று இறங்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஒரே கம்ப்ரஸரை ஆறு மாதம் விடாமல் பயன்படுத்துகிறவருக்கு, அதன் ஒவ்வொரு குமிழும் என்ன செய்யும் என்று காதுக்கே தெரிந்துவிடும். முப்பது கம்ப்ரஸர் வைத்திருப்பவருக்கு அந்தப் பழக்கம் வர வாய்ப்பே இல்லை. பிளகின் வாங்குவதை விட இது எவ்வளவோ பெரிய லாபம்.

எஃப்எல் ஸ்டுடியோவில் செய்து பார்ப்போம்

வீட்டு ஸ்டுடியோக்களில் அதிகம் புழங்குவது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 'ஆப்ஷன்ஸ்' மெனுவில் 'மேனேஜ் பிளகின்ஸ்' என்பதைத் திறந்து 'ஃபைண்ட் இன்ஸ்டால்ட் பிளகின்ஸ்' பொத்தானை அழுத்தினால் ஸ்கேன் நடக்கும். கிடைத்ததெல்லாம் இடப்பக்க பிரௌசரில், பிளகின் டேட்டாபேஸுக்குள் 'இன்ஸ்டால்ட்' என்ற ஃபோல்டரில் வந்து நிற்கும். அந்த 'இன்ஸ்டால்ட்' ஃபோல்டரைத் தொட வேண்டாம். மறுபடி ஸ்கேன் செய்தால் அது பழையபடி ஆகிவிடும்.

நமக்கு வேண்டியது அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் 'எஃபெக்ட்ஸ்', 'ஜெனரேட்டர்ஸ்' என்ற இரண்டும். இவை உண்மையில் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் சாதாரண ஃபோல்டர்கள். டாக்குமென்ட்ஸ், இமேஜ்-லைன், எஃப்எல் ஸ்டுடியோ, பிரீசெட்ஸ், பிளகின் டேட்டாபேஸ் என்று வழி போகும். விண்டோஸில் எந்த ஃபோல்டரையும் எப்படிப் புதிதாகப் போடுவோமோ அப்படியே இங்கேயும் போடலாம், பெயர் மாற்றலாம், நீக்கலாம். உள்ளே இருப்பவை சின்னச் சின்னக் குறிப்புக் கோப்புகள் மட்டுமே. அதை அழித்தாலும் உண்மையான பிளகினுக்கு ஒன்றும் ஆகாது.

இப்போது ஒரு பிளகினை மிக்ஸரில் திறந்துகொள்ளுங்கள். பிரௌசரில் '02 கம்ப்ரஸர் நிதானம்' என்று நீங்கள் போட்ட ஃபோல்டரைத் திறந்து வையுங்கள். பிளகின் சாளரத்தின் இடது மூலையில் உள்ள அம்புக்குறியை அழுத்தி, 'ஆட் டு பிளகின் டேட்டாபேஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிளகினின் படமும் சேர்ந்து அந்த ஃபோல்டரில் ஏறிவிடும். பிறகு எஃப்8 விசையை அழுத்தினால் விரியும் பிளகின் பிக்கரில் அந்தப் படம் தெரியும். பெயர் மறந்துபோனாலும் முகத்தைப் பார்த்து எடுக்கலாம். இன்னொரு வசதியும் இதில் கிடைக்கிறது. சேர்க்கும் நேரத்தில் குமிழ்கள் எந்த நிலையில் இருந்தனவோ அதே நிலை சேமிக்கப்படும். ஈக்யூவில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டரைப் போட்டு வைத்துவிட்டுச் சேர்த்தால், அடுத்த தடவை அது அப்படியே திறக்கும்.

ரீப்பரிலும் மற்றவற்றிலும்

ரீப்பரின் எஃபெக்ட் பட்டியலில் இடப்பக்கம் ரைட் கிளிக் செய்து உங்கள் சொந்த ஃபோல்டரைப் போடலாம். அதைவிட எனக்கு மிகவும் பிடித்தது ஸ்மார்ட் ஃபோல்டர். சில சொற்களைக் கொடுத்துவிட்டால் அந்தச் சொல் பெயரில் உள்ள எல்லாப் பிளகினும் தானாக வந்து சேரும். நாளை புதிதாக இன்ஸ்டால் செய்வதும் சேரும். இது வேண்டும் அல்லது அது வேண்டும், இன்னது மட்டும் வேண்டாம் என்றெல்லாம் நிபந்தனை கொடுக்கலாம். பட்டியலில் தெரியும் பெயரையே மாற்றவும் ரீப்பர் விடுகிறது. லாலா என்பதை 'லாலா, நிதானக் கம்ப்ரஸர்' என்று மாற்றிவிட்டால், தேடும் கட்டத்தில் 'நிதானம்' என்ற சொல்லின் முதல் எழுத்துகளை அடித்தாலே வந்துவிடும்.

லாஜிக்கில் செட்டிங்ஸிலிருந்து பிளக்-இன் மேனேஜரைத் திறந்து, இடப்பக்கம் புது வகைகளைச் சேர்த்து, பிளகின்களை இழுத்துப் போடலாம். அங்கே 'டாப் லெவல்' என்று ஒரு வகை இருக்கிறது. அதில் போடுகிறவை மெனு திறந்ததும் உச்சியிலேயே நிற்கும். கியூபேஸில் விஎஸ்டி பிளக்-இன் மேனேஜருக்குள் 'கலெக்ஷன்' என்ற பெயரில் முழு மெனுவையே நாமாக அமைக்கலாம்: மிக்ஸுக்கு ஒன்று, மாஸ்டரிங்குக்கு ஒன்று. ஏபிள்டன் லைவில் 2018-இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து ஏழு வண்ணக் கலெக்ஷன்கள் உண்டு. பிளகினைத் தேர்ந்தெடுத்து 1 முதல் 7 வரை ஓர் எண்ணை அழுத்தினால் அந்த வண்ணத்தில் சேரும். 2024-இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பில் டேக் போடும் வசதியும் வந்துவிட்டது. புரோ டூல்ஸில் இன்ஸர்ட் மெனுவிலேயே விண்டோஸில் கன்ட்ரோல், மேக்கில் கமாண்ட் விசையை அழுத்திக்கொண்டு பெயரைக் கிளிக் செய்தால் அது மெனுவின் மேலே ஏறிவிடும்.

தனிப் பிளகினிலிருந்து சங்கிலிக்கு

பட்டியல் ஒழுங்கானதும், ஒரே வரிசையில் அதே மூன்று நான்கு பிளகின்களைத் திரும்பத் திரும்பப் போடுவது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். அதை அப்படியே ஒரு சங்கிலியாகச் சேமித்துக்கொள்ளுங்கள். ரீப்பரில் இதற்கு எஃபெக்ட் செயின், லைவில் ரேக், லாஜிக்கில் சேனல் ஸ்ட்ரிப் செட்டிங், எஃப்எல் ஸ்டுடியோவில் மிக்ஸர் டிராக் ஸ்டேட் என்று பெயர்.

மிருதங்கத்தை இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்கிறீர்கள் என்றால், வலந்தலைக்கும் தொப்பிக்கும் தேவைகள் வேறு வேறு. வலந்தலையில் சாப்பு கணீரென்று தனியாகக் கேட்க வேண்டும், ஆனால் காதைக் குத்தக் கூடாது. தொப்பியில் கும்கி இழுபடும்போது கீழ்ச்சுருதி குழையாமல் நிற்க வேண்டும். அங்கே அடியை வெட்டும் ஃபில்டரைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் வாத்தியமே போய்விடும். 'மிருதங்கம் வலந்தலை', 'மிருதங்கம் தொப்பி' என்று இரண்டு சங்கிலிகள் இருந்தால் அடுத்த பதிவில் பாதி தூரம் அங்கேயே கடந்துவிடலாம். ஒவ்வொரு வாத்தியமும் கலைஞரும் வேறு என்பதால் குமிழ்களை மறுபடி சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் மெனுவில் தேடும் வேலை இருக்காது. வெளியில் கிடைக்கும் ஆயத்தப் பிரீசெட்களில் பெரும்பாலானவை டிரம் கிட்டையும் எலெக்ட்ரிக் கிட்டாரையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நம் வாத்தியங்களுக்கு நாமே செய்து வைத்துக்கொள்வதுதான் நல்லது.

நீக்குவதற்கு முன்னும் கணினி மாற்றுவதற்கு முன்னும்

ஒரு பிளகினை நிஜமாகவே வேண்டாம் என்று முடிவு செய்தால், கோப்பை மட்டும் அழிக்காமல் அதன் அன்இன்ஸ்டாலர் வழியாகவே நீக்குங்கள். லைசென்ஸ் கணினியோடு பிணைக்கப்பட்டிருந்தால் முதலில் அதை விடுவிக்க வேண்டும். அதற்கும் முன்னால், பழைய பாட்டு எதிலாவது அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த டிராக்கை எஃபெக்டோடு சேர்த்து வேவ் கோப்பாக எழுதி, அதே புராஜெக்ட் ஃபோல்டரில் வைத்துவிடுங்கள். மூன்று வருடம் கழித்துப் படக்குழு, பாட்டில்லாமல் இசையை மட்டும் கேட்டால், பிளகின் இல்லாவிட்டாலும் அந்த ஒலி கையில் இருக்கும். சந்தேகம் இருந்தால் நீக்காமல் மெனுவிலிருந்து மறைத்துவிடுங்கள். லாஜிக்கின் மேனேஜரில் 'யூஸ்' கட்டத்தில் டிக்கை எடுத்தால் போதும்.

இவ்வளவு நேரம் போட்டு அடுக்கியது கணினி மாறும்போது போய்விடக் கூடாது. அடுக்கு முழுவதும் சில சிறிய கோப்புகளில்தான் இருக்கிறது. எஃப்எல் ஸ்டுடியோவில் மேலே சொன்ன பிளகின் டேட்டாபேஸ் ஃபோல்டர். லாஜிக்கில் மியூசிக் ஃபோல்டருக்குள் ஆடியோ மியூசிக் ஆப்ஸ், அதில் டேட்டாபேசஸ், அதில் டேக்ஸ். ரீப்பரில் 'ஆப்ஷன்ஸ்' மெனுவிலிருந்து ரிசோர்ஸ் பாத்தைத் திறந்தால், பெயரில் 'எஃப்எக்ஸ் ஃபோல்டர்ஸ்' என்று வரும் ஐஎன்ஐ கோப்பு. சங்கிலிகள் அதே இடத்தில் 'எஃப்எக்ஸ் செயின்ஸ்' ஃபோல்டரில் இருக்கும். பென் டிரைவிலோ கூகுள் டிரைவிலோ இவற்றை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். புதிய கணினியில் முதலில் பிளகின்களை இன்ஸ்டால் செய்து, ஒரு தடவை ஸ்கேன் ஓடவிட்டு, மென்பொருளை மூடிவிட்டு, அப்புறம் இந்தக் கோப்புகளை அதே இடத்தில் போடுங்கள். திறந்திருக்கும்போது போட்டால், மென்பொருள் மூடும் நேரத்தில் தன்னிடம் இருக்கும் பழைய பட்டியலை அதன்மேல் எழுதிவிடக்கூடும்.